வீட்டுக் கணினியில் பயனர் கணக்கு: சிதைவும் சீரமைப்பும்

வீட்டுக் கணினியில் பயனர் கணக்கு என்று ஒரே பெயரால் வழங்கப்படுவது, தனித்தனியாகத் தோன்றிப் பின்னர் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட சில ஏற்பாடுகளின் தொகுப்பாகும். இன்னார் உள்ளே வரலாம் என்பதற்கான பதிவு, அதாவது பெயரும் கடவுச்சொல்லும் அவற்றுக்குப் பின்னால் கணினி கையாளும் அடையாள எண்ணும், அதன் ஒரு பகுதி. அந்தப் பயனருடைய ஆவணங்களும் படங்களும் திரை அமைப்புகளும் தங்கியிருக்கும் கோப்புறை மற்றொரு பகுதி. இந்த எண்ணுக்குரியவர் நுழைந்தால் இந்தக் கோப்புறையைத் திறந்துவிட வேண்டும் என்று இரண்டையும் இணைத்து எழுதப்பட்டிருக்கும் குறிப்பு மூன்றாவது பகுதி. கணக்கு கெட்டுவிட்டது என்று சொல்லப்படும்போது பெரும்பாலும் இவற்றுள் ஏதோ ஒன்று மட்டுமே பழுதாகி, மற்றவை நல்ல நிலையிலேயே இருக்கும். இந்த ஏற்பாடு முழுவதும், பழுதானால் பார்த்துக்கொள்ள நிர்வாகி ஒருவர் பக்கத்திலேயே இருப்பார் என்ற எதிர்பார்ப்புடன் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் உருவானது. அப்படிப்பட்டவர் எவருமே இல்லாத வீடுகளுக்குள் அது எவ்வாறு வந்தது, வந்தபின் அதன் பழுதுகளை நீக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பதே அதன் வரலாற்றில் முதன்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி.

கணினியில் ஆளுக்கொரு கணக்கு என்ற வழக்கம் இன்று அறியப்படும் வடிவில் வேரூன்றியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில்தான். அங்கே ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு 1961 நவம்பரில் செய்து காட்டிய சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு, ஒரே பெரிய கணினியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் மாற்றி மாற்றி வழங்கியது. இதனை நேரப்பகிர்வு என்பர். யாருக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று கணக்கு வைக்க வேண்டியிருந்ததாலும், ஒருவருடைய கோப்புகளை மற்றவர் பார்க்காமல் காக்க வேண்டியிருந்ததாலும், ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் தரப்பட்டன. அந்தக் கடவுச்சொற்கள் அனைத்தும் மறைப்பு ஏதுமின்றி ஒரே கோப்பில் கிடந்தன. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் துளையட்டை வழியாகக் கட்டளை கொடுத்து அந்தக் கோப்பையே அச்சிட்டு வாங்கிக்கொண்டார்.

அது மனிதர் செய்த மீறல். ஆனால் எவருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே கணக்குப் பதிவேடு சிதையக்கூடும் என்பதை 1966இல் நிகழ்ந்த ஒன்று காட்டியது. நுழைவோருக்குக் காட்டப்படும் அன்றாட அறிவிப்பை ஒரு நிர்வாகியும் கடவுச்சொல் கோப்பை மற்றொரு நிர்வாகியும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தபோது, திருத்துவதற்கான நிரல் இருவருக்கும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்தியதால், ஒன்றின் உள்ளடக்கம் மற்றதன் இடத்தில் போய் அமர்ந்தது. அதன்பின் நுழைந்தவர்களுடைய முனையங்களில் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாயின. ஒரு கோப்புறைக்குள் ஒரு வேளையில் ஒருவரே வேலை செய்வார் என்ற விதியை நம்பி அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. விதி நிர்வாகிகளுக்காகத் தளர்த்தப்பட்டபோது, அதை நம்பியிருந்த நிரல் மாற்றப்படவில்லை. கோர்பட்டோ 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் இதனை விரித்துரைத்தார். ஒரே கோப்பை இரண்டு செயல்கள் ஒரே வேளையில் தொடுவதால் விளையும் இவ்வகைச் சிதைவு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக் கணினிகளிலும் கணக்குகள் கெடுவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக நீடித்தது என்பதால் இந்நிகழ்ச்சி தனிக் கவனத்துக்கு உரியது.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969 முதல் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளம் கணக்கை எளிய உரைக்கோப்பின் ஒரு வரியாகச் சுருக்கியது. அதன் நிலைபெற்ற வடிவில், முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்களுக்குள் பயனர் பெயர், உருமாற்றப்பட்ட கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விளக்கக் குறிப்பு, அவருடைய இல்லக் கோப்புறை இருக்குமிடம், நுழைந்தவுடன் தொடங்க வேண்டிய நிரல் ஆகிய அனைத்தும் அடங்கிவிட்டன. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் மீட்க முடியாதபடி உருமாற்றி வைக்கும் முறையை ராபர்ட் மோரிஸும் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. சீரமைப்பின் நோக்கில் பார்த்தால், கோப்பின் உடைமையாளரைப் பெயரால் குறிக்காமல் எண்ணால் குறிக்க வேண்டும் என்று யூனிக்ஸ் எடுத்த முடிவுதான் அதனினும் பெரிய பின்விளைவு உடையது. ஒரு கணக்கை நீக்கி, அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும், எண் மாறியிருந்தால் பழைய கோப்புகள் பழைய எண்ணுக்கே உரியவையாக நின்றுவிடும். பெயர் ஒன்றாக இருந்தும் உடைமை இல்லாத அந்நிலையைச் சரிசெய்ய, கோப்புகளின் உடைமையை நிர்வாகி ஒவ்வொன்றாகவோ மொத்தமாகவோ மாற்றித்தர வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் பதிப்பு, கணக்குக் கோப்பைத் திருத்துவதற்கென்றே தனிக் கட்டளை ஒன்றை வழங்கியது. ஒருவர் திருத்தும்போது மற்றவர் திருத்த முடியாதபடி அது கோப்பைப் பூட்டியதோடு, எல்லா அதிகாரமும் உடைய ரூட் கணக்கின் வரி சிதைந்திருந்தால் திருத்திய கோப்பை ஏற்கவும் மறுத்தது. கடைசி நிர்வாகிக் கணக்கு கெட்டால் சீரமைக்க ஆளே இருக்காது என்ற புரிதல் இந்த மறுப்புக்குள் இருக்கிறது. வீட்டுக் கணினிகளை வடிவமைத்தவர்கள் இந்தப் புரிதலை எட்ட வெகுகாலம் ஆயிற்று.

வீடுகளுக்கு முதலில் வந்த கணினிகளில் கணக்கு என்பதே கிடையாது. 1977இல் வந்த ஆப்பிள் 2, 1981இல் வந்த ஐபிஎம் பிசி, 1982இல் வந்த கமோடோர் 64 ஆகிய எவையும், விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்கவில்லை. எம்.எஸ். டாஸ் இயங்குதளத்தில் எந்தக் கோப்புக்கும் உடைமையாளர் இல்லை. பழுது என்றால் அது வட்டின் பழுதாகவோ நிரலின் பழுதாகவோதான் இருந்தது.

1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இந்நிலையை அரைகுறையாக மாற்றியது. அதுவரை பல சிறு உரைக்கோப்புகளில் சிதறிக் கிடந்த அமைப்புகள், ரெஜிஸ்ட்ரி எனப்படும் மையப் பதிவேட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. கணினிக்குப் பொதுவானவை சிஸ்டம்.டாட் என்ற கோப்பிலும், பயனரைச் சார்ந்தவை யூசர்.டாட் என்ற கோப்பிலும் எழுதப்பட்டன. விரும்பினால் ஆளுக்கொரு யூசர்.டாட் வைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. ஆயினும் இது காவலுக்கான ஏற்பாடாக இருக்கவில்லை, ஏனெனில் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை எஸ்கேப் விசையால் மூடிவிட்டு எவரும் உள்ளே போய்விடலாம். காவல் இல்லாமையே சீரமைப்பை எளிதாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பயனர் கோப்பு கெட்டாலும் ஆவணங்களை எவரும் தடையின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 98, ரெஜிஸ்ட்ரியை நாள்தோறும் ஒருமுறை சரிபார்த்து, கடைசி ஐந்து நகல்களைச் சுருக்கி வைத்துக்கொண்டது. கணினி திறக்காமல் போனால், டாஸ் திரையில் ஒரே கட்டளையால் நேற்றைய நகலையோ அதற்கு முந்தையதையோ மீட்கலாம். நிர்வாகி இல்லாத வீட்டை எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்ட ஏற்பாடுகளுள் இது மிகச் சிறந்தவற்றில் ஒன்று.

இதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் வேறொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் பல்பயனர் இயங்குதளங்களை வடிவமைத்த டேவ் கட்லர் 1988இல் அங்கிருந்து மைக்ரோசாஃப்டுக்கு வந்து, 1993இல் வெளியான விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார். அலுவலக வலையமைப்புகளுக்காக எழுதப்பட்ட அதில் ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்.ஐ.டி. எனப்படும் நீண்ட பாதுகாப்பு அடையாளம் வழங்கப்பட்டது. கணினிக்கே உரிய எண்வரிசையும் அதன் கடைசியில் கணக்குக்கு உரிய எண்ணும் கொண்ட அந்த அடையாளத்தில், உள்ளமைந்த நிர்வாகிக்கு 500 என்றும், விருந்தினருக்கு 501 என்றும், பிறருக்கு 1000 முதலும் எண்கள் அமைந்தன. கோப்புகளின் மீதான உரிமைகள் அனைத்தும் இந்த அடையாளத்தோடு பிணைக்கப்பட்டன. 1996இல் வந்த நான்காம் பதிப்பில், பயனரின் அமைப்புகள் என்டியூசர்.டாட் என்ற கோப்பாக அவருடைய சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைக்கப்பட்டன. ஆவணங்களும் அமைப்புகளும் சேர்ந்த இந்தக் கோப்புறையே புரொஃபைல் எனப்படுகிறது.

இவ்விரு மரபுகளும் 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் ஒன்றாயின. வீட்டுப் பதிப்பை வாங்கியவர் அறிந்தோ அறியாமலோ அலுவலக வலையமைப்பின் முழுக் கணக்கு முறையையும் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். நிறுவும்போது ஐந்து பேர் வரை பெயர் எழுதலாம். எழுதப்பட்ட அனைவருமே நிர்வாகிகள் ஆயினர். உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கோ வரவேற்புத் திரையில் தென்படாமல் மறைக்கப்பட்டு, சேஃப் மோடு எனப்படும் குறைந்தபட்ச இயக்கத்தில் மட்டும் திறந்தது. ஆக, வீட்டில் எல்லோருக்கும் நிர்வாகியின் அதிகாரம் இருந்தது, நிர்வாகியின் அறிவு மட்டும் எவருக்கும் தரப்படவில்லை. இது வீட்டாரின் குறை என்று கொள்வது நியாயமாகாது. அலுவலகத்தில் பயிற்சி பெற்ற ஒருவருடைய ஊதியத்துக்குரிய வேலையை, கையேடும் இல்லாமல் குடும்பங்களிடம் ஒப்படைத்தவர்களின் வடிவமைப்புக் குறையே இது.

எக்ஸ்பி காலத்தில் புரொஃபைல்கள் எவ்வாறு கெட்டன என்பதை அறிய, என்டியூசர்.டாட் எழுதப்படும் முறையைச் சற்றே பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியின் பகுதியாகிய இத்தகைய கோப்பு ஹைவ் எனப்படும். அதன் தலைப்பகுதியில் இரண்டு வரிசை எண்கள் உள்ளன. எழுதத் தொடங்கும்போது ஒன்று கூட்டப்பட்டு, எழுதி முடிந்தபின் மற்றது கூட்டப்படுவதால், இரண்டும் சமமாக இருந்தால் கடைசி எழுத்து முழுமையடைந்தது என்று பொருள். சமமாக இல்லையென்றால், அருகிலுள்ள லாக் கோப்பிலிருந்து விடுபட்டதை நிரப்ப இயங்குதளம் முயலும். மின்சாரம் எழுதும் நடுவே போனாலும், வட்டில் அந்த இடமே பழுதடைந்தாலும், லாக் கோப்பும் சேர்ந்து கெட்டிருந்தாலும் இம்முயற்சி தோற்கும். இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. பயனர் வெளியேறும்போது ஹைவை நினைவகத்திலிருந்து விடுவித்தாக வேண்டும். ஆனால் பின்னணியில் ஓடும் ஏதேனும் ஒரு நிரல் அதன் ஒரு பதிவைத் திறந்தபடியே வைத்திருந்தால் விடுவிக்க முடியாது. நுழையும் கணத்தில் வைரஸ் எதிர்ப்பு நிரல் அதே கோப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாலும், கோப்பு முழு நலத்துடன் இருந்தும் திறக்காமல் போகும். 1966இன் சிக்கலேதான் இது, வேறு உருவில். நினைவகத்தில் தங்கிவிட்ட ஹைவ்களை விடுவிப்பதற்காக மைக்ரோசாஃப்ட் தனிச் சேவை நிரல் ஒன்றை வெளியிட்டது. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அந்தச் செயல்பாடு இயங்குதளத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

கெட்ட புரொஃபைலுக்கு எக்ஸ்பி காலத்தில் மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த சீரமைப்பு, பழையதைத் திருத்துவதாக அமையாமல், புதியதைக் கட்டிப் பொருள்களை அதற்கு மாற்றுவதாக அமைந்தது. புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து வெளியேறி, பழையதும் புதியதும் அல்லாத மூன்றாவது கணக்கில் நுழைந்து, பழைய கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் புதியதற்குப் படியெடுக்க வேண்டும், என்டியூசர்.டாட், அதன் லாக் கோப்பு, என்டியூசர்.ஐ.என்.ஐ. ஆகிய மூன்றை மட்டும் படியெடுக்கக் கூடாது, ஏனெனில் நோய் அவற்றில்தான் இருக்கிறது. மூன்றாவது கணக்கு தேவைப்பட்டது திறந்திருக்கும் ஹைவைப் படியெடுக்கவோ மாற்றவோ முடியாது என்பதால். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இருந்த அஞ்சல்களைத் தனியே இறக்குமதி செய்த பின்னரே பழைய கணக்கை நீக்க வேண்டும் என்றும் எச்சரிக்கப்பட்டது.

இயங்குதளத்தையே மீண்டும் நிறுவியவர்கள் வேறொரு சுவரில் முட்டினர். பழைய கோப்புறை கண்ணுக்குத் தெரியும், திறந்தால் அனுமதி மறுக்கப்படும். பெயர் அதேயாயினும் புதிய கணக்கின் எஸ்.ஐ.டி. வேறு என்பதால் இந்த மறுப்பு. நிர்வாகி அக்கோப்புறையின் உடைமையைத் தன் பெயருக்கு மாற்றினால் அது திறந்துவிடும். ஆனால் அதற்குரிய பாதுகாப்புத் தாவல் வீட்டுப் பதிப்பில் சேஃப் மோடில் மட்டுமே காட்டப்பட்டது. அதிகம் தேவைப்படும் இடத்திலேயே கருவி ஒளிக்கப்பட்டிருந்தது.

2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலும், 2009இல் வந்த விண்டோஸ் 7இலும், இணைப்புக் குறிப்பின் பழுது பரவலாக அறியப்பட்டது. எந்த எஸ்.ஐ.டி.க்கு எந்தக் கோப்புறை என்பது ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல் லிஸ்ட் என்ற பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். புரொஃபைலைத் திறக்க முடியாதபோது இயங்குதளம் அந்த உள்ளீட்டின் பெயரின் கடைசியில் பேக் என்ற ஒட்டைச் சேர்த்து ஒதுக்கிவைத்துவிட்டு, தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைத் தரும். பயனர் காண்பது வெறுமையான திரை. ஆவணங்கள் இல்லை, படங்கள் இல்லை. நிலம் அப்படியே கிடக்க, கிராமப் பதிவேட்டில் பட்டா மட்டும் வேறு பெயருக்கு மாறிப்போனது போன்ற நிலை இது. கோப்புகள் எதுவும் அழியவில்லை என்பதை அத்திரை எடுத்துச் சொல்லாததால் அச்சம் பெருகியது. தற்காலிகப் புரொஃபைலில் அப்போது சேமிக்கப்படும் எதுவும் வெளியேறும்போது அழிந்துவிடும் என்பதே உண்மையான ஆபத்து. ஒட்டுள்ள உள்ளீட்டையும் ஒட்டில்லாத உள்ளீட்டையும் இடம் மாற்றிப் பெயரிட்டு, எத்தனை முறை திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் மதிப்பையும் நிலையைக் குறிக்கும் மதிப்பையும் சுழியாக்கி, கணினியை மீண்டும் தொடங்குவதே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தீர்வு. ஆனால் அதைச் செய்ய நிர்வாகி உரிமையுள்ள ஒரு நுழைவு வேண்டும். விஸ்டா உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை முடக்கி வைத்ததோடு, வேறு நிர்வாகிக் கணக்கு ஒன்று பெயரளவில் செயலில் இருந்தாலே சேஃப் மோடிலும் அதைத் திறக்க மறுத்தது. வீட்டில் ஒரே ஒரு கணக்கு, அதுவும் பழுது என்றால், வழி அடைபட்டது. காவலை இறுக்கியவர்கள், பெர்க்லியில் பல ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்டிருந்த கடைசி நிர்வாகி என்ற சிக்கலைக் கணக்கில் கொண்டிருக்க வேண்டும்.

இத்தகைய அடைப்புகளைத் திறக்கும் கருவிகளுள் சில நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தன. நார்வே நிரலாளர் பெட்டர் நோர்டால் ஹாகன் 1997இல் வெளியிட்ட சிறு கருவி, லினக்ஸ் அடங்கிய நெகிழ்வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, உறங்கிக் கிடக்கும் விண்டோஸின் கணக்குப் பதிவேட்டைத் திறந்து கடவுச்சொல்லை அழித்துத் தந்தது. மைக்ரோசாஃப்ட் அப்பதிவேட்டின் உள்ளமைப்பை வெளியிடாத நிலையில், அதனைப் புரிந்துகொண்டு எழுதியது அரிய உழைப்பு. அதன் எல்லையும் தெளிவானது: எக்ஸ்பியில் கடவுச்சொல்லைப் பயனர் தாமே மாற்றாமல் பிறர் வலிந்து மாற்றினால், மறையாக்கம் செய்யப்பட்ட கோப்புகளின் சாவி பழைய கடவுச்சொல்லோடு பிணைந்திருந்ததால், அக்கோப்புகள் திறக்காமல் போயின. கணக்கு மீண்டது, உள்ளடக்கம் மீளவில்லை.

ஆப்பிளின் மேக் ஓ.எஸ். எக்ஸ், 2001 மார்ச்சில் யூனிக்ஸ் அடித்தளத்தோடு வந்து, கணக்குகளை நெக்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த நெட்இன்ஃபோ என்ற தரவுத்தளத்தில் வைத்தது. 2007இல் வந்த லெபர்ட் பதிப்பு அதனைக் கைவிட்டு, கணக்குக்கு ஒரு சிறு கோப்பு என்ற முறைக்கு மாறியதால், ஒரு கோப்பின் சிதைவு மற்றக் கணக்குகளைத் தொடாத நிலை உருவாயிற்று. லெபர்ட்டின் நிறுவல் வட்டிலிருந்தே இல்லக் கோப்புறையின் அனுமதிகளை மீட்டமைக்கும் வசதியும் வந்தது. வீட்டு லினக்ஸில் பெரும்பாலும் காணப்பட்டது, கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்பத் தள்ளப்படும் சுழல். இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஒரு சிறு கோப்பின் உடைமை ரூட்டுக்கு மாறிப்போயிருப்பதே பல நேரங்களில் அதற்குக் காரணம், உரை முனையத்தில் நுழைந்து அந்த உடைமையைத் திருப்பித் தருவதே தீர்வு.

2012இல் வந்த விண்டோஸ் 8, கணக்கின் முதல் பகுதியை வீட்டிலிருந்து வெளியே எடுத்தது: பெயரும் கடவுச்சொல்லும் மைக்ரோசாஃப்டின் இணையக் கணக்குக்குச் சென்றன. என்டியூசர்.டாட் மட்டும் பழைய இடத்திலேயே, பழைய பலவீனங்களோடு இருந்தது. கடவுச்சொல் மறப்பது சிறிய சிக்கலாயிற்று, புரொஃபைல் சிதைவது அப்படியே நீடித்தது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 மேம்பாடு, ஆவணக் கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்த சிலருடைய பழைய கோப்புறைகளை அவற்றில் இருந்த கோப்புகளோடு நீக்கிவிட்டதால், சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வழங்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் வந்த மற்றொரு மேம்பாடு பலரைத் தற்காலிகப் புரொஃபைலுக்குள் தள்ளியது. அவர்களுடைய பழைய கோப்புறைகள் பெயர் மாற்றப்பட்டு வட்டிலேயே இருந்தன. இவற்றுக்கு நடுவே, வட்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக, கணினிக்குப் பொதுவான ரெஜிஸ்ட்ரி ஹைவ்களின் நகலைத் தானாக எடுத்துவைக்கும் வழக்கத்தை 2018 ஏப்ரல் பதிப்பு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 98 வைத்திருந்த ஐந்து நகல்களை நினைக்கும்போது, மிச்சப்பட்ட இடத்துக்கு இது மிக அதிகமான விலையாகவே படுகிறது.

எல்லாம் தோற்றபோதும் ஒரு வழி எப்போதும் மிஞ்சியிருந்தது: வன்வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தி, கோப்புகளைப் படியெடுத்துக்கொள்வது. பழுதுபார்ப்போர் பலரும் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழி இதுவே. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வழக்கம் வீட்டுக் கணினிகளுக்கும் பரவி, விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கியதோடு, அந்த வழிக்கும் சாவி தேவைப்படலாயிற்று. 48 இலக்கங்கள் கொண்ட அந்த மீட்புச் சாவி, பயனர் தாமே வேறெங்கும் எழுதி வைக்காதவரை, அவருடைய இணையக் கணக்கில் மட்டுமே இருக்கிறது. அந்தக் கணக்குக்குள்ளும் நுழைய முடியாதவருக்கு, கழற்றி எடுத்த வட்டில் கோப்புகள் அனைத்தும் சிதையாமல் இருந்தாலும் ஒன்றையும் படிக்க இயலாது.